நாற்காலி வேண்டாம் என்றவர்

ஊருக்கெல்லாம் பூட்டு செய்து விற்கும் கம்பெனியின் வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, கீழே ஒரு பூட்டையே முட்டுக் கொடுத்திருந்தார்கள். விற்காமல் தங்கிப்போன மாடலாக இருக்கும்.

"உள்ள போறதுக்கு முன்னாடியே அறிக்கையில முதல் பக்கம் ரெடி, அண்ணி," என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு வா தம்பி. இன்னிக்கு ஒரு மனுஷனோட மானம் போற விஷயம்," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் உண்மையிலேயே அண்ணிதான். என் அண்ணன் பெண்டாட்டி. கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் அனுமதியோடு திருட்டுத்தனமாக நுழைந்து, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எந்தக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். இதையே அனுமதி இல்லாமல் செய்தால் ஜெயிலில் சோறு போடுவார்கள். என் அண்ணன் தன் போனுக்குப் பாஸ்வேர்டே வைப்பதில்லை. வைத்தும் பயனில்லை என்று கல்யாணமான வாரமே புரிந்துகொண்டான். நான் அண்ணியின் உதவியாளன். பை தூக்குவது, வண்டி ஓட்டுவது, தேவையில்லாத நேரத்தில் வாயைத் திறப்பது என் பொறுப்புகள்.

இந்தக் கம்பெனியை நாங்கள் போன மாதம்தான் சோதித்திருந்தோம். ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு தூண்டில் மெயில் அனுப்பினோம். "உங்கள் மீது சக ஊழியர்கள் கொடுத்துள்ள புகார்களைப் படிக்க, இங்கே அழுத்தி உங்கள் பாஸ்வேர்டைக் கொடுங்கள்." அவ்வளவுதான். அடுத்தவன் தன்னைப் பற்றி என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள, மனிதன் வீட்டுச் சாவியைக்கூடக் கொடுப்பான். ஆபீஸே வரிசையில் நின்று கொடுத்தது.

ஒரே ஒருவர் மட்டும் மசியவில்லை. முதலாளியின் மாப்பிள்ளை. விற்பனைப் பிரிவுத் தலைவர். மெயில் வந்த உடனே 'சந்தேகம்' என்ற பொத்தானை அழுத்திப் புகார் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு கேடயம் கொடுத்துக் கைதட்டினார்கள். இப்போது அது அவர் மேசையில், குடும்பப் போட்டோவுக்கு முன்னால், போட்டோவில் இருப்பவர்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

முதலாளி அறையில் நால்வர் இருந்தோம். முதலாளி, மாப்பிள்ளை, நாங்கள் இருவர். அண்ணி உட்கார்ந்த நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் உட்கார்ந்தது இரண்டு பக்கமும் சாய்ந்தது.

"மூணாவது தடவைம்மா," என்றார் முதலாளி. "புது டிசைன் என் மெயிலுக்கு மட்டும்தான் வருது. நான் பார்க்கறதுக்குள்ள எதிர்க் கம்பெனிக்காரன் விளம்பரமே போட்டுடறான்."

"நீங்க எப்ப பார்ப்பீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"நான் மெயிலே பார்க்கறதில்ல. யாராவது பிரிண்ட் எடுத்துட்டு வந்தா பார்ப்பேன்."

"அப்ப நாங்க சோதனைக்கு முன்னாடி அனுப்பின மெயில்? என்னிக்கு, என்ன தூண்டில்னு உங்க ஒருத்தருக்குத்தான் எழுதியிருந்தோம். அதுதான் எங்க வழக்கம்."

"அதையும் பார்க்கல."

என் வாய் சும்மா இருக்குமா? "உங்க மெயிலை ஒழுங்கா படிக்கற ஒரே ஆள் அந்தத் திருடன்தான் சார். அவனுக்குத்தான் கேடயம் குடுக்கணும்," என்றேன்.

அண்ணி என் காலை மிதித்தார். மாப்பிள்ளை மட்டும் பெரிதாகச் சிரித்தார்.

"திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சும்மா," என்றார் முதலாளி. "நம்ம ஃபயர்வால்தான். கடைசி டிசைன் வந்த அன்னிக்கு, யார் எதைத் திறந்தாங்கங்கற மத்தியானப் பதிவு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சிருக்கான். கேட்டா, ஆமா அழிச்சேங்கறான். ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். அஞ்சு மணிக்குப் போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"அவனை இத்தனை வருஷம் வச்சிருந்ததே தப்பு மாமா," என்றார் கேடயம் வாங்கிய மாப்பிள்ளை, மிகுந்த மனவருத்தத்தோடு.

அண்ணி எழுந்தார். "அஞ்சு மணி வரைக்கும் எனக்குக் குடுங்க."

ஃபயர்வால் என்பது கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் காக்கும் அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "நான் இருக்கும்வரை ஒருவரும் நுழைய முடியாது" என்று போட்டுக்கொள்வார். அந்த அடக்கத்துக்குக் கிடைத்த பட்டம். கம்ப்யூட்டர் அறையில் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்க, முதுகு உடைந்த ஒரு நாற்காலியில், தன் முதுகையும் அதே மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. அவர் எடுக்கவில்லை.

"பதிவை அழிச்சது நீங்கதானே?" என்று அண்ணி கேட்டார்.

"நான்தான்."

"ஏன்?"

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் புகார் மெயிலும் அன்னிக்குத்தானே வந்துச்சு. நானும் க்ளிக் பண்ணிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

"எங்களுக்குத் தெரியும் சார்," என்றார் அண்ணி. "பாஸ்வேர்டு போட்டீங்க. தப்புன்னு காட்டிச்சு. இன்னொண்ணு போட்டீங்க. அதுவும் தப்புன்னு காட்டிச்சு. உங்ககிட்ட இருந்த எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டீங்க."

"சாவிக்கொத்தையே கையில குடுத்துட்டீங்க சார்," என்றேன். "எங்க மிச்ச வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. அன்னிக்கு நான் சினிமாவுக்குக்கூடப் போனேன்."

"அறிக்கையில என் பேர் இல்லையே," என்றார் அவர்.

"இருக்காது. ஏமாந்தவங்க பேரை நாங்க எழுதறதில்ல, யார்கிட்டயும் சொல்றதில்ல. எத்தனை பேருன்னு மட்டும்தான் சொல்லுவோம்."

அவர் எழுந்து அண்ணியின் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. "அம்மா, தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. வாரா வாரம் எல்லாரையும் கூட்டி வச்சு, தெரியாத மெயிலைத் தொடாதீங்கன்னு பாடம் எடுக்கறவன் நான். என் பையன் ஸ்கூல்ல, எங்கப்பா திருடங்களைத் தடுக்கறவர்னு கட்டுரை எழுதி வாசிச்சிருக்கான். திருடன்னு சொன்னாக்கூட, கெட்டிக்காரன்னு ஒரு பேராவது மிஞ்சும். முட்டாள்னு சொன்னா என்ன மிஞ்சும்?"

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "அண்ணி, இந்த ஆள் கௌரவத்துக்காக ஜெயிலுக்குப் போறேங்கறாரு. பொண்டாட்டி போனைக்கூட எடுக்க மாட்டேங்கறாரு. நேரா போய் முதலாளிகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"சொல்ல மாட்டேன்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"இன்னிக்கு இவர் பேரைச் சொன்னா, நாளைக்கு எந்தக் கம்பெனியிலயும் ஏமாந்தவன் எவனும் வாயைத் திறக்க மாட்டான். எல்லாரும் இவரை மாதிரியே அழிச்சு வைப்பாங்க. நிஜத் திருடன் வந்தாலும் வெளிய தெரியாது. அதோட, இவர் திருடன் இல்லைன்னு சொன்னா போதுமா? திருடன் யாருன்னு எவன் சொல்லுவான்?"

"நீங்கதான் துப்பறியறவங்க. நான் பை தூக்கறவன்."

அண்ணி நடைபாதை ஓரத்தில் இருந்த ஒரு நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப்போகும் நேரத்தில் நாற்காலி ஆராய்ச்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த ஆபீஸ்ல உருப்படியா ஒரு நாற்காலி இல்லையா?" என்று அருகிலிருந்த அலுவலக மேலாளரைக் கேட்டார். கொண்டையில் பென்சில் செருகியிருந்த அம்மாள் அவர். ஆபீஸில் பேனாவிலிருந்து பினாயில் வரை அவர் கையால்தான் வர வேண்டும்.

"ஏன் இல்ல? புதுசா வாங்கி ரெண்டு மாசமா கிடங்குல கிடக்கு. நீலம், சாம்பல்னு ரெண்டு கலர். யாருக்கு எந்தக் கலர்னு சண்டை வருமேன்னு பிரிக்காம வச்சிருக்கேன்."

"இன்னிக்கே பிரிச்சுடுங்க. என்ன கலர் வேணும்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. க்ளிக் பண்றவங்களுக்கு நாற்காலி. நாலரை மணிக்குக் கணக்கு முடிச்சு, அஞ்சு மணிக்குக் கொண்டு வந்துடணும். உங்க பேர்லேர்ந்துதான் போகணும்."

"ஏம்மா, நீங்க கம்ப்யூட்டர் பார்க்க வந்தவங்களா, நாற்காலி பார்க்க வந்தவங்களா?"

"எல்லாரும் உட்கார்ந்துதானே கம்ப்யூட்டர் பார்க்கறாங்க."

அந்த அம்மாளுக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. மெயில் எழுத உட்கார்ந்துவிட்டார். அதற்குள் அண்ணி தன் லேப்டாப்பைத் திறந்து, திரையை என் பக்கம் காட்டாமல் எதையோ தட்டி அனுப்பினார்.

"யாருக்கு?"

"முதலாளிக்கு."

"பத்தடி தூரத்துல இருக்காரு. அவர்தான் மெயில் பார்க்கறதில்லையே. போய் வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"அவர் பார்க்கறதில்லைங்கறதாலதான் மெயில் போடறேன்," என்றார் அண்ணி.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

மத்தியானம் நாற்காலி மெயில் வந்தது. அன்றைக்குக் கம்பெனியில் ஒரு பூட்டுகூட விற்றிருக்காது. கணக்குப் பிரிவில் நீலக் கட்சி, சாம்பல் கட்சி என்று இரண்டு உருவாகின. டிசைன் போடும் பெண், நீலம் கண்ணுக்கு நல்லது என்று பிரசாரமே செய்தாள். பழைய தூண்டிலில் மாட்டிய அதே விரல்கள், அதே ஆவலோடு அழுத்திக்கொண்டிருந்தன. பாடம் படித்தவர் ஒருவரும் இல்லை. எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று அலுவலக மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். பென்சிலை எடுத்து வாசலைக் காட்டினார்.

ஐந்து மணிக்கு மறுபடியும் முதலாளி அறை. ஃபயர்வாலைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். முதலாளியின் கை போன் மேலேயே இருந்தது. மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்று கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அண்ணி அலுவலக மேலாளரையும் கூட அழைத்து வந்திருந்தார்.

"சொல்லும்மா. திருடன் இவன்தானே?"

"அதுக்கு முன்னாடி நாற்காலி விஷயத்தை முடிச்சுடலாம் சார்," என்றார் அண்ணி. "மெயில் எல்லாருக்கும் போச்சே, யாராவது நாற்காலி கேட்காம விட்டாங்களா?"

முதலாளிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கே வந்திருந்தது. அலுவலக மேலாளர் மட்டும் சாவகாசமாகப் பதில் சொன்னார். "ரெண்டே பேர்தான் கேட்கல. ஒண்ணு இவர்," என்று ஃபயர்வாலைக் காட்டினார். "இன்னொண்ணு நம்ம மாப்பிள்ளை சார்."

மாப்பிள்ளை சிரித்தார். வாத்தியாருக்கு முன்னால் விடை தெரிந்த பையன் சிரிப்பது மாதிரி. "நான் எப்படி மாமா கேட்பேன்? பார்த்த உடனே தெரிஞ்சுது, அது போலி மெயில்னு. இவங்க வச்ச அடுத்த தூண்டில். வந்த நிமிஷமே சந்தேகப் பொத்தானை அழுத்திட்டேன். வேணும்னா பாருங்க."

"எப்படித் தெரிஞ்சுது சார்?" என்று அண்ணி மிகவும் மரியாதையாகக் கேட்டார். "எங்க தப்பைத் திருத்திக்கலாமேன்னு கேட்கறேன்."

"அனுப்பினவங்க விலாசமே சரியில்ல. எழுதின விதமும் ஒரு மாதிரி இருந்துச்சு. அனுபவம்தான் மேடம்."

"எந்த விலாசம் சரியில்ல?" என்றார் அலுவலக மேலாளர், கொண்டைப் பென்சில் ஆடியபடி. "நான்தான் அனுப்பினேன். என் மெயில்லேர்ந்து, என் கையால. எழுதின விதத்துக்கு என்ன கேடு?"

சொல்லி வைத்த மாதிரி வெளியே சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கண்ணாடிச் சுவர் வழியே பார்த்தோம். கிடங்கு ஆட்கள் பாலிதீன் சுற்றிய நாற்காலிகளை வரிசையாக உருட்டிக்கொண்டு வந்தார்கள். நீலம், சாம்பல், நீலம், நீலம். டிசைன் போடும் பெண் பாலிதீனைக் கிழிக்காமலே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மாப்பிள்ளையின் சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"அது நிஜ மெயில் சார்," என்றார் அண்ணி முதலாளியிடம். "போலின்னு இந்த உலகத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் எழுதியிருந்துச்சு. காலையில நான் உங்களுக்கு அனுப்பின மெயில்ல. இப்பவாவது திறந்து படிங்க."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேடிப் பிடித்து, வாய்விட்டுப் படித்தார். "இன்று மதியம் நாற்காலி பற்றி ஒரு மெயில் வரும். அது எங்கள் தூண்டில். அழுத்துபவர்களை நாங்கள் குறித்துக்கொள்வோம். தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்." நிமிர்ந்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலையே. எனக்கே இப்பதான் தெரியும்."

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் படிச்சுட்டார். அதனாலதான் நாற்காலி கேட்கல."

ஆனால் மாப்பிள்ளை லேசுப்பட்ட ஆள் இல்லை. "அப்ப கணக்கு சரியாப்போச்சு மாமா," என்றார். "இவனும்தானே கேட்கல? படிச்சவன் இவன்தான். எனக்குத் தோணினது சும்மா ஒரு சந்தேகம். என் கேடயமே அதுக்குத்தானே குடுத்தீங்க. பதிவை அழிச்சவனை விட்டுட்டு என்னைக் கேட்கறாங்க."

முதலாளியின் பார்வை ஃபயர்வால் மேல் போய் நின்றது. "நீ ஏன்டா நாற்காலி கேட்கல?"

ஃபயர்வால் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். முதலாளி போனைக் கையில் எடுத்தார். எனக்கு உண்மை நாக்கு நுனியில் நின்றது. அண்ணியைப் பார்த்தேன். அண்ணி ஃபயர்வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் நடந்தது உங்க விஷயம் சார். நான் சொல்ல மாட்டேன்," என்றார் அண்ணி. "ஆனா நீங்க நினைக்கற மாதிரி அது உங்களைக் கவுத்துடாது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

கண்ணாடிக்கு அப்பால் ஆபீஸே புது நாற்காலிகளில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறைக் கதவு வேறு திறந்திருந்தது. அந்தக் கம்பெனியில் எந்தக் கதவைத்தான் மூடினார்கள்? ஃபயர்வால் சட்டைப் பையிலிருந்து அதிரும் போனை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே போட்டார். பிறகு சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"போன மாசம் வந்த புகார் மெயிலை நான் க்ளிக் பண்ணேன்," என்றார். கடைசி மேசை வரை கேட்கும் குரலில் சொன்னார். "பாஸ்வேர்டு குடுத்தேன். ஒண்ணு இல்ல, எல்லாத்தையும் குடுத்தேன். வெட்கமா இருந்துச்சு. அதனால அன்னிக்குப் பதிவை அழிச்சேன். அதுக்கப்புறம் எந்த மெயிலைப் பார்த்தாலும் தூண்டிலோன்னு பயமா இருக்கு. நாற்காலி மெயிலை நான் திறக்கவே இல்ல. இதான் நடந்தது."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் உட்பட.

"இப்ப அவரே சொல்லிட்டாரு, நானும் சொல்லலாம்," என்றார் அண்ணி. "அவர் சொன்னது அத்தனையும் எங்க மெஷின்ல பதிவாகியிருக்கு. யோசிச்சுப் பாருங்க சார். மூணு தடவையா உங்க மெயிலைப் படிச்சுட்டு வர்ற திருடன், அந்தப் புகார் மெயிலும் தூண்டில்னு எழுதின என் மெயிலைப் படிக்காம விட்டிருப்பானா? படிச்சவன் போய் அதுல மாட்டுவானா? இந்த ஆபீஸ்ல மாட்டினவங்க அத்தனை பேரும் சுத்தம். ஏமாந்ததுதான் அவங்களுக்குச் சாட்சி. அன்னிக்கு மாட்டாதவர் ஒருத்தர்தான். கேள்வித்தாளை முன்னாடியே பார்த்துட்டுப் பரீட்சைக்கு வந்தவர். அவருக்குத்தான் கேடயம் குடுத்தீங்க."

ஃபயர்வால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எதை மறைக்க ஜெயிலுக்குப் போகத் துணிந்தாரோ, அதுதான் தன்னைக் காப்பாற்றும் என்று அந்த மனிதருக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை. எனக்கு மட்டும் உறைத்ததா என்று கேட்காதீர்கள்.

முதலாளி போனை மேசையில் வைத்தார். "புது போன் வாங்கினப்ப," என்று மெதுவாகச் சொன்னார், "அதுல மெயிலைப் போட்டுக் குடுத்தது நீங்கதானே மாப்பிள்ளை? பாஸ்வேர்டைக்கூட நீங்களே வச்சீங்களே. எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எதிர்க் கம்பெனியில பங்குதாரர் ஆக்கறேன்னாங்க மாமா," என்றார் கடைசியில். "இங்க நான் கிழவனாகற வரைக்கும் மாப்பிள்ளைதானே."

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்," என்றார். அவர் எங்களைக் கேட்கவில்லை. நான் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு அண்ணியின் பின்னால் வெளியே வந்தேன்.

ஃபயர்வால் எங்களுக்கு முன்பே வெளியே வந்து தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு, அலுவலகத்தின் நடுவிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசினார். "ஒண்ணுமில்ல, வந்துடறேன். ஆமா, எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான்," என்றார். குரல் உடைந்து, மறுபடியும் சேர்ந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி அதிகமான ஆபீஸ்.

அவர் போனை வைத்த நேரத்தில் எதிரே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. அலுவலக மேலாளரிடமிருந்து. "கிடங்கில் இன்னும் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. வேண்டிய கலரை அழுத்தவும்."

அவர் விரல் பொத்தான் வரை போனது. ஆபீஸ் முழுக்க அந்த விரலையே பார்த்தது. விரல் நின்றது. அவர் எழுந்து, புது நாற்காலிகளுக்கு நடுவில் வழி கண்டுபிடித்து நடந்து, அலுவலக மேலாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்த மெயில் நீங்க அனுப்பினதுதானா?"

"நான்தான் சார். ஒரு க்ளிக் பண்ணா போதுமே. இதுக்குப் போய் எழுந்து வரணுமா?"

"வரணும்மா," என்றார் ஃபயர்வால். "நீலம் குடுங்க."

அண்ணி மாப்பிள்ளையின் மேசையில் நின்ற கேடயத்தை எடுத்து, துப்பட்டாவால் ஒரு துடை துடைத்து, நீல நாற்காலிக்காகக் காத்திருந்தவரின் கையில் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.